வலது கட்டைவிரலைக் கேளுங்கள்: பிரேசில் ஜாஸ் கிட்டாருக்கு ஓர் அறிமுகம்

பிரேசிலில் இசைக்கருவி விற்கும் கடைக்குள் போய் "கிட்டாஹா" என்று கேட்டால் எலக்ட்ரிக் கிட்டாரைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நைலான் தந்தி கட்டிய, மரப்பெட்டி உடம்புள்ள சாதாரணக் கிட்டார் வேண்டுமென்றால் "வியோலாவ்" என்று கேட்க வேண்டும். நமக்கு இரண்டும் கிட்டார். அவர்களுக்கு இரண்டும் வேறு கருவி, வேறு வம்சம், கொஞ்ச காலம் வேறு கட்சியும்கூட.

கட்சி என்று சும்மா சொல்லவில்லை. 1967 ஜூலையில் சாவ் பாவ்லோ நகரத்தில் எலக்ட்ரிக் கிட்டாரை எதிர்த்து ஓர் ஊர்வலமே போனது. வெளிநாட்டு ராக் சத்தம் நம் பாட்டை விழுங்கிவிடும் என்ற கோபம். முன்வரிசையில் நடந்தவர் அந்நாளின் பெரிய பாடகி எலிஸ் ரெஜினா. கூடவே நடந்தவர்களில் ஒருவர் பாடகர் ஜில்பெர்டோ ஜில். அதே வருஷம் அக்டோபரில் அந்த ஜில்லே ஒரு ராக் குழுவின் எலக்ட்ரிக் கிட்டார் பின்னணியோடு பாட்டுப்போட்டி மேடையில் ஏறினார்! இன்றைக்கு அந்தச் சண்டை பழங்கதை. பிரேசில் ஜாஸ் கிட்டார் கலைஞர்கள் பலர் இரண்டு கருவிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே கச்சேரியில் மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். ஆனால் எலக்ட்ரிக் கிட்டாரை எடுத்தாலும் அவர்களுடைய வலது கை வியோலாவில் வளர்ந்த கை. அதைக் கேட்கக் கற்றுக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் பிடிபட ஆரம்பிக்கும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது அவ்வளவுதான்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு தடை இருக்கிறது. இந்த இசையை நாம் எல்லோரும் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம், சரியாகக் கேட்காமலே. காபி கடையில், ஹோட்டல் வரவேற்பறையில், விமானம் கிளம்புவதற்கு முன் ஒலிபெருக்கியில் ஒழுகும் மென்மையான கிட்டார். அதற்குப் பெயர் பாஸா நோவா. அந்தப் பெயரைக் கேட்டாலே தூக்கம் வரவழைக்கும் பின்னணிச் சத்தம் என்று காது முடிவு கட்டிவிட்டது. அந்த மென்மைக்குக் கீழே ஒரு முழு மேளக்குழு வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது தெரிவதில்லை.

ஒரு ஆளுக்குள் ஒரு மேளக்குழு

முதலில் ஜாஸ் என்ற சொல். ஒரு பாட்டின் மெட்டையும் அதன் கார்டு வரிசையையும் (கார்டு என்பது ஒன்றாக ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) சட்டமாக வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் தோன்றுவதை அதன்மேல் வாசிப்பது ஜாஸ். நம்முடைய மனோதர்மத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க ஜாஸில் கிட்டார் கலைஞருக்கு வழக்கமான வேலை, கையில் பிக் என்ற சின்னத் தகட்டைப் பிடித்து சாக்ஸபோன் போல ஒற்றை ஸ்வரங்களாக ஓட்டுவது. காலப்பிரமாணத்தைப் பார்த்துக்கொள்ள டிரம்மர் இருக்கிறார், அடிநாதத்துக்கு பாஸ் வாசிப்பவர் இருக்கிறார். பிரேசில் கிட்டார் வளர்ந்த இடம் வேறு. வீட்டு முற்றம், மதுக்கடை மேசை, கடற்கரை அடுக்குமாடி வீட்டு வரவேற்பறை. அங்கே டிரம்மரும் கிடையாது, பாஸும் கிடையாது. ஒருவர் பாடுவார், ஒருவர் வாசிப்பார், பல நேரம் இரண்டும் ஒரே ஆள். எல்லா வேலையையும் பத்து விரல்களே செய்தாக வேண்டும்.

அந்த விரல்கள் எதைப் போலச் செய்கின்றன? சாம்பாவை. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கப்பட்ட நாடு பிரேசில். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1888இல்தான். பாஹியா மாநிலத்திலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்குக் குடிபெயர்ந்த கறுப்பின மக்களின் வீடுகளிலும் சுற்றுப்புறங்களிலும் உருத்திரண்டது சாம்பா. அதில் சுர்தோ என்ற பெரிய மேளம் உண்டு. இரண்டு அடி கொண்ட தாளத்தில் இரண்டாவது அடியில் அது கனமாக விழும். ஒன்று, இ-ரண்-டு; ஒன்று, இ-ரண்-டு. அதற்கு மேலே டம்போரிம் என்ற கைக்கு அடக்கமான சின்னத் தோல்வட்டு. மெல்லிய குச்சியால் தட்டுவார்கள். அது சுர்தோவின் அடிகளில் விழாமல், இடுக்குகளுக்குள் புகுந்து புகுந்து போகும்.

இப்போது கிட்டாருக்கு வருவோம். வலது கட்டைவிரல் தடித்த தந்திகளை மீட்டுகிறது, அதுதான் சுர்தோ. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றும் மெல்லிய தந்திகளை ஒரே நேரத்தில் பறிக்கின்றன, அது டம்போரிம். தந்திகளை மேலிருந்து கீழாக வருடுவது இல்லை. பியானோவில் மூன்று கட்டைகளை ஒன்றாக அழுத்துவதைப் போல மூன்று ஸ்வரங்களும் ஒரே நொடியில் வெடிக்க வேண்டும். ஆக, கட்டைவிரல் ஒரு ஆள், மற்ற மூன்று விரல்கள் இன்னொரு ஆள். இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாதது போல நடக்கிறார்கள், ஆனால் தப்பாமல் சேர்கிறார்கள்.

இந்தக் கூட்டணியை இறுதி வடிவத்துக்குச் செதுக்கியவர் ஜோவாவ் ஜில்பெர்டோ. பாஹியாவின் ஜுவாசெய்ரோ ஊர்க்காரர், 1931இல் பிறந்தவர், 2019இல் மறைந்தார். 1950களின் நடுவில் வேலையில்லாமல், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, எதிரொலி நன்றாக இருக்கிறது என்று குளியலறைக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க இதையே வாசித்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். 1958இல் ரியோவில் எலிசெத் கார்டோசோ என்ற பாடகியின் இசைத்தட்டில் இரண்டு பாட்டுக்கு அவர் பின்னணி வாசித்தார். பாஸா நோவாவின் அந்தக் கிட்டார் நடை முதலில் பதிவானது அதில்தான். ஒரு முழு சாம்பா ஊர்வலத்தை அவர் ஒரு நாற்காலிக்குள் அடக்கிவிட்டார். சத்தம் குறைந்தது, சிக்கல் குறையவில்லை.

சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்

படிப்பதை இங்கே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு இதைச் செய்து பாருங்கள். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, சொல்கட்டு தெரியும்.

தகதிமி என்று நான்கு முறை, மொத்தம் பதினாறு அட்சரம். ஒவ்வொரு தகதிமியின் தொடக்கத்திலும் காலால் தரையைத் தட்டுங்கள். காலை அதே வேகத்தில் ஓடவிட்டு, வாயில் மட்டும் சொல்லை மாற்றுங்கள்:

தகிட தகிட தகதிமி தகிட தகிட.

மூன்று, மூன்று, நான்கு, மூன்று, மூன்று. கூட்டினால் அதே பதினாறு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்துக்கும் ஒரு கைத்தட்டு. கால் 1, 5, 9, 13ஆம் அட்சரங்களில் விழும். கை 1, 4, 7, 11, 14இல் விழும். முதல் தட்டைத் தவிர இரண்டும் எங்கேயும் சேராது. இரண்டாவது கைத்தட்டு காலுக்கு ஒரு அட்சரம் முந்தி விழுகிறது, கடைசித் தட்டு காலுக்கு ஒரு அட்சரம் பிந்தி விழுகிறது, நடுவில் உள்ள இரண்டும் இரண்டு கால்தட்டுகளுக்குச் சரியாக நடுவே. இந்த முந்தலும் பிந்தலும் சேர்ந்துதான் உடம்பை ஆட்டுகிறது. பிரேசிலில் இதற்கு பலான்சோ என்று பெயர். ஊஞ்சல் ஆட்டம் என்று சொல்லலாம்.

பாஸா நோவாவில் டிரம்மர்கள் ஸ்னேர் டிரம்மின் விளிம்பில் குச்சியால் தட்டும் எளிய வடிவம் இது. ஜில்பெர்டோவின் விரல்கள் இந்த அச்சிலேயே நிற்பதில்லை. பாட்டின் சொல்லுக்கு ஏற்ப ஒரு தட்டை விடுவார், ஒன்றைச் சேர்ப்பார். ஆனால் காலுக்கும் கைக்கும் உள்ள உறவு என்னவென்று புரிந்துகொள்ள இது போதும். நான் இதை முதலில் பேருந்தில் உட்கார்ந்து தொடையில் தட்டிப் பழகினேன். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டாவது நாள் இடம் மாறிக்கொண்டார்.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய இன்னொரு பழக்கம், கார்டு மாறும் இடம். அடுத்த ஆவர்த்தம் தொடங்கும் அடியில் மாற வேண்டிய கார்டை பிரேசில் கிட்டார் கலைஞர் ஒரு அட்சரம் முன்னாலேயே மாற்றிவிடுவார். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு அதீத எடுப்பு நினைவுக்கு வரும். தாளம் விழும் முன்பே பாட்டு விழுந்துவிடுகிறது. கட்டைவிரல் மட்டும் அவசரப்படாமல் சரியான அடியில் வந்து சேரும். தரை நிதானமாக இருக்க, மேல்மாடி மட்டும் முன்னால் சாய்ந்த மாதிரி ஓர் உணர்வு.

சாம்பாவை பிரேசிலில் ஒரு ஆவர்த்தத்துக்கு இரண்டு அடி என்றே எழுதுவார்கள். அமெரிக்காவில் அச்சான ஜாஸ் புத்தகங்கள் பாஸா நோவாவை நான்கு அடியாக்கி எழுதின. கணக்கு ஒன்றுதான். ஆனால் அதைப் பார்த்து வாசித்தவர்கள் நான்கு அடியையும் சமமாக அழுத்த, இரண்டு எட்டு வைத்து நடக்கும் நடை நான்கு எட்டு ராணுவ நடையாகிப்போனது. ஹோட்டல் வரவேற்பறை இசைக்குத் தூக்கம் வரும் குணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கார்டுகளின் நிறம்

இது பெரிய கடல், கரையில் மட்டும் கால் நனைப்போம்.

ஒரு கார்டு என்பது அடிப்படையில் மூன்று ஸ்வரங்கள். அதற்கு மேலே ஏழாவது, ஒன்பதாவது என்று ஸ்வரங்களை அடுக்கிக்கொண்டே போனால் நிறம் மாறும். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நடுநிலை வரும். பாஸா நோவாவின் பெரிய இசையமைப்பாளர் அன்டோனியோ கார்லோஸ் ஜோபிம், நியூட்டன் மென்டோன்சாவோடு சேர்ந்து எழுதிய 'ஒரு ஸ்வர சாம்பா' என்ற பாட்டு இதற்கு நல்ல பாடம். முதல் பகுதியில் பாடுபவர் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில் நிற்பார். கீழே கார்டுகள் மட்டும் படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்கும். ஸ்வரம் மாறவே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு கார்டின் மேலும் அது வேறு ஸ்வரம் போலக் கேட்கும். ஒரே சட்டையை வேறு வேறு விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது போல.

நம் காதுக்கு இது கொஞ்சம் புதிது. நாம் ஸ்வரத்தை அதன் கமகத்திலும் அண்டை ஸ்வரங்களிலும் தேடிப் பழகியவர்கள், கீழே நகரும் தரையில் தேடுவதில்லை. அதனால் முதலில் சில நாள் மெட்டைக் கவனிக்காமல் அதற்கு அடியில் என்ன நகர்கிறது என்று மட்டும் கேட்பது நல்லது.

கட்டைவிரலுக்கு ஒரு தந்தி கூடுதலாக

கட்டைவிரல் சுர்தோவாக மட்டுமே இருந்துவிடவில்லை. பாஸா நோவாவுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் மூத்த ஒரு மரபு ரியோவில் இருக்கிறது, ஷோரோ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தது. புல்லாங்குழல், கவாக்கின்யோ என்ற நான்கு தந்திக் குட்டிக் கருவி, கிட்டார்கள் சேர்ந்து வாசிக்கும் துள்ளலான இசை. அதில் ஏழு தந்தி கிட்டார் ஒன்று உண்டு. ஆறு தந்திக்கு மேல் கூடுதலாக ஒரு தடித்த தந்தி. அதன் வேலை மெட்டுக்குப் பதில் சொல்வது. மேலே புல்லாங்குழல் ஒரு வாக்கியம் சொன்னால், அது மூச்சு விடும் இடத்தில் கீழேயிருந்து கிட்டார் ஒரு மறுமொழி சொல்லி இறங்கும். இந்த அடித்தந்தி ஓட்டத்துக்கு பய்ஷாரியா என்று பெயர். போர்ச்சுகீசியப் பேச்சுவழக்கில் அதே சொல்லுக்குத் தரங்கெட்ட நடத்தை என்றும் பொருள் உண்டு. இசைக்கலைஞர்கள் சிரித்துக்கொண்டேதான் அதைச் சொல்வார்களாக இருக்கும்.

இந்தக் கலைக்கு இலக்கணம் வகுத்தவர் டினோ. ஊர் அவரை 'ஏழு தந்தி டினோ' என்றே கூப்பிட்டது. அவர் பெரும்பாலும் பக்கவாத்தியமாகவே வாசித்தார். பக்கவாத்தியத்தை மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ரஃபேல் ரபெல்லோ, 1962இல் பிறந்தவர். ஏழு தந்தியைத் தனிக்கச்சேரிக் கருவியாக ஆக்கிவிட்டு 32 வயதில் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த ஏழு தந்திக்காரர்கள் எல்லோர் விரலிலும் அவர் நிழல் தெரியும்.

இதே கட்டைவிரலை வேறு பக்கம் திருப்பியவர் பாடென் பவல். ஆமாம், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய அதே பெயர்தான். அப்பா சாரணர் இயக்கப் பற்றாளர், மகனுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். 1937இல் பிறந்த இவர் கவிஞர் வினீசியஸ் டி மொராய்ஸோடு சேர்ந்து 1966இல் 'ஆஃப்ரோ சாம்பா' பாட்டுகளை வெளியிட்டார். பாஹியாவின் ஆப்பிரிக்க வழிபாட்டு மேளங்களை நைலான் தந்தியில் கொண்டுவந்த முயற்சி. பெரிம்பாவ் என்ற வில் வடிவ ஒற்றைத் தந்திக் கருவியின் இரண்டு ஸ்வர ஊசலாட்டத்தை அவர் கிட்டாரில் கேட்கலாம். ஜில்பெர்டோ சத்தத்தை அடக்கினார் என்றால் பாடென் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்.

வடகிழக்கின் குரல்

ரியோவோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். பிரேசிலின் வடகிழக்கு வறண்ட பூமி. அக்கார்டியனும் ஸபும்பா மேளமும் இரும்பு முக்கோணமும் சேர்ந்த பயாவ் என்ற இசை அங்கிருந்து வந்தது. 1940களில் லூயிஸ் கொன்சாகா அதை நாடு முழுவதும் கொண்டுபோனார். தாளத்தை நாம் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு.

இந்த மண்ணின் மெட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு ஸ்வர வரிசை நம் ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். அட, வாசஸ்பதி! 64ஆவது மேளகர்த்தா. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஒன்றும் கிடையாது. கமகம் இல்லாமல் அக்கார்டியனில் வரும்போது குணமும் வேறு. ஆனாலும் ஸ்வரங்கள் அவைதான், அதனால் பயாவ் நம் காதில் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது.

ஜாஸோடு இது சந்தித்த இடம் முக்கியமானது. 1967இல் குவார்டேட்டோ நோவோ என்ற நால்வர் குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. கிட்டாரும், வியோலா என்ற நாட்டுப்புறத் தந்திக்கருவியும் வாசித்தவர்களில் ஒருவர் ரெசிஃபி ஊர்க்காரர் எரால்டோ டோ மோன்டே. புல்லாங்குழலும் பியானோவும் எர்மெட்டோ பாஸ்கோல். தாளவாத்தியம் அயர்டோ மொரெய்ரா, பின்னாளில் அமெரிக்கா போய் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர். இவர்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மனோதர்மம் வாசிக்கும்போது அமெரிக்க பீபாப் ஜாஸின் சொற்றொடர்கள் விரலுக்கு வந்தாலும் வாசிக்கக் கூடாது, வடகிழக்கின் பாட்டிலிருந்தே புதுச் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். கடன் வாங்கிய தாளத்தில் ஜாஸ் வாசிப்பது வேறு, சொந்த மொழியில் யோசித்து வாசிப்பது வேறு என்பதை இவ்வளவு தெளிவாகச் செய்து காட்டியவர்கள் குறைவு. ஒரே ஒரு இசைத்தட்டுதான். பிரேசிலின் வாத்திய இசைக்காரர்கள் இன்றுவரை அதைத் திரும்பித் திரும்பிக் கேட்கிறார்கள். சொல்லப்போனால் அவர்களில் பலருக்கு ஜாஸ் கலைஞர் என்ற பட்டத்தில் பெரிய ஆசை இல்லை. 'பிரேசில் வாத்திய இசை' என்று சொல்லிக்கொள்வதையே விரும்புகிறார்கள்.

இன்று யார் யார்?

எனக்குப் பிடித்தவரோடு தொடங்குகிறேன், டோனின்யோ ஓர்டா. 1948இல் மினாஸ் ஜெராய்ஸின் தலைநகர் பெலோ ஒரிசோன்ட்டியில் பிறந்தவர். மினாஸ் மலைகள் நிறைந்த மாநிலம், கடல் கிடையாது. 1972இல் பாடகர்கள் மில்டன் நாசிமென்டோவும் லோ போர்ஜெஸும் வெளியிட்ட 'கிளூபி டா எஸ்கினா' என்ற தெருமுனைக் கூட்டாளிகளின் இசைத்தட்டில் ஓர்டாவும் வாசித்தார். அவருடைய கார்டுகளில் திறந்த தந்திகள் நிறைய ஒலிக்கும். ஒரு தந்தி விரல் படாமல் தொடர்ந்து ரீங்கரிக்க, மற்ற ஸ்வரங்கள் அதைச் சுற்றி மெல்ல நகரும். பல நேரம் அதோடு சேர்த்து உச்சஸ்தாயியில் சொல்லில்லாமல் பாடுவார். கிட்டார் எங்கே முடிகிறது, குரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் பாட் மெத்தினி 1980 வாக்கில் ஓர்டாவின் இசைத்தட்டில் விருந்தாளியாக வாசித்தவர். மெத்தினியின் இசையில் பரந்த வெளி ஒன்று கேட்கிறதே, அதில் ஒரு பங்கு மினாஸ் மலைகளுடையது. 2020இல் ஓர்டா தன் பழைய குழுவோடு வெளியிட்டிருந்த 'பெலோ ஒரிசோன்ட்டி'க்கு லத்தீன் கிராமி விருது கிடைத்தது. அப்போது வயது 71.

எக்பெர்டோ ஜிஸ்மோன்டி தனி உலகம். பியானோ கலைஞர், பாரீஸில் நாடியா பூலான்ஜே என்ற புகழ்பெற்ற இசை ஆசிரியையிடம் படித்தவர். கிட்டாரில் எட்டு தந்தி, பத்து தந்தி என்று ஏற்றிக்கொண்டே போனார். இடது கையும் வலது கையும் தனித்தனியே தந்திகளைத் தட்டி வாசிக்கும்போது பியானோக்காரரின் மூளை தெரியும். 1976இல் நானா வாஸ்கொன்செலோஸ் என்ற தாளவாத்தியக் கலைஞரோடு ஓஸ்லோவில் பதிவு செய்த இசையில் இருப்பது இரண்டே பேர். ஆனால் ஒரு காடே உள்ளே இருப்பது போலக் கேட்கும். தொடக்க நிலையில் இவரிடம் போகாதீர்கள், கொஞ்சம் பழகிவிட்டுப் போங்கள்.

ரொமேரோ லுபாம்போ இதற்கு நேரெதிர், கேட்ட உடனே பிடித்துவிடும். ரியோக்காரர். கிளாசிக்கல் கிட்டாரும் படித்தார், மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கும் படித்தார். 1985இல் நியூயார்க் போனார். பாஸ் வாசிக்கும் நில்சன் மாட்டா, டிரம்மர் டுடுகா டா ஃபொன்செகா இருவரோடும் சேர்ந்து டிரியோ டா பாஸ் குழுவைத் தொடங்கினார். பாடகி டயான் ரீவ்ஸுக்குப் பல வருஷமாகப் பக்கபலம். பாஸா நோவாவின் நடை, சாம்பாவின் வேகம், அமெரிக்க ஜாஸின் சொற்றொடர் மூன்றும் இவர் கையில் தையல் தெரியாமல் சேர்ந்திருக்கின்றன. மெட்டை வாசித்துக்கொண்டே அதற்கான கார்டையும் தாளத்தையும் அடியில் ஓட்டுவார். இன்னொரு கிட்டார் இருக்கிறதோ என்று சந்தேகம் வரும்.

சாவ் பாவ்லோவின் ஷிகோ பின்யேரோ அடுத்த தலைமுறை. பாஸ்டனில் பெர்க்லீ கல்லூரியில் படித்தவர். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டு கருவிச் சண்டை இவரிடம் சுவடே இல்லாமல் தீர்ந்துபோயிருக்கிறது. எலக்ட்ரிக் கிட்டாரில் நீளமான ஜாஸ் வாக்கியங்கள், நைலானில் சாம்பா, இரண்டிலும் ஒரே ஆள் பேசுவது தெரியும். அவரும் லுபாம்போவும் சேர்ந்து பதிவு செய்த இரட்டைக் கிட்டார் இசையை ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். ஒருவர் மனோதர்மம் வாசிக்க, மற்றவர் மேளக்குழுவாக மாறிவிடுவார், பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் யார் யார் என்று பிடித்துவிடலாம்.

ஏழு தந்தியை இன்று உலகமெல்லாம் எடுத்துச் செல்பவர் யமான்டு கோஸ்டா. 1980இல் தெற்கே பாசோ ஃபுன்டோ ஊரில் பிறந்தவர், அப்பாவிடம் கற்றவர். அர்ஜென்டினா, உருகுவே எல்லைப் பக்கத்து மாட்டுப்பண்ணை மக்களின் மிலோங்கா, ஷமமே இசையும் ஷோரோவும் அவரிடம் சண்டை போட்டுக்கொண்டு ஒன்றாக வரும். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். உடம்பே கிட்டாரோடு சேர்ந்து துள்ளும். எனக்கு அவருடைய மெதுவான பாட்டுகள்தான் பிடிக்கும். வேகப் பாட்டுகளில் மூன்றாவது முடிவதற்குள் மூச்சு வாங்குகிறது, அவருக்கு அல்ல, எனக்கு.

ரியோவின் கிங்கா பல்லாண்டு காலம் பல் மருத்துவராக இருந்துகொண்டே பாட்டு எழுதியவர். அவர் மெட்டுகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகிக்க முடியாது. திரும்பிய பிறகு வேறு வழியே இல்லை என்று தோன்றும். பாஹியாவின் சால்வடோரில் பிறந்து பதின்வயதில் பாரீஸ் போன நெல்சன் வேராஸ், நைலான் தந்தியிலேயே நவீன ஜாஸின் சிக்கலான கணக்குகளை வாசிப்பவர். பெண்கள் இல்லையா என்றால், 1960களிலேயே ரோசின்யா டி வலென்சா இருந்தார். பிறகு 1966இல் பிறந்த படி அசாட் வாயாலும் உடம்பாலும் தாளம் போட்டுக்கொண்டே கிட்டார் வாசிக்கும் தனி வழியை உருவாக்கிக்கொண்டார். ஆனாலும் இந்தத் துறையில் ஆண்கள் கூட்டம்தான் இன்னும் அதிகம்.

இளையவர்களில் பெட்ரோ மார்ட்டின்ஸ் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தலைநகர் பிரசீலியா பகுதியைச் சேர்ந்தவர். 2015இல் மோன்ட்ரோ ஜாஸ் விழாவின் கிட்டார் போட்டியில் முதல் பரிசு. அமெரிக்க ஜாஸ் கிட்டாரின் முன்னணிக் கலைஞர் கர்ட் ரோசன்விங்கிள் 2017இல் 'கைப்பி' என்று முழுக்க முழுக்க பிரேசில் வாசனையுள்ள இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார், அதில் மார்ட்டின்ஸுக்கு நல்ல பங்கு உண்டு. எலக்ட்ரிக் கிட்டார்தான், பாப் பாட்டின் மேற்பரப்புதான். அடியில் கார்டுகள் ஓர்டாவின் மினாஸ் பாணியில் நகர்ந்துகொண்டிருக்கும்.

எங்கே தொடங்குவது?

ஜோவாவ் ஜில்பெர்டோ 1973இல் வெளியிட்ட இசைத்தட்டில் தொடங்குங்கள். அட்டை வெள்ளையாக இருக்கும். உள்ளே அவர் குரல், அவர் கிட்டார், ஓரத்தில் மெல்லிய தாளவாத்தியம், கிட்டத்தட்ட அவ்வளவுதான். பின்னணி வாத்தியக் கூட்டம் இல்லாததால் கட்டைவிரல் தெளிவாகக் கேட்கும். முதல் தடவை காலால் கட்டைவிரலைப் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை கையால் மற்ற விரல்களை. மூன்றாம் தடவை குரலை மட்டும் கேளுங்கள், அது இரண்டோடும் சேராமல் தன் போக்கில் முந்தியும் பிந்தியும் மிதப்பது தெரியும்.

அப்புறம் லுபாம்போ. ஒரு பாடகியோடு அவர் மட்டும் வாசிக்கும் பதிவு ஒன்றையும், டிரியோ டா பாஸ் பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாடகியோடு இருக்கும்போது கட்டைவிரல் ஓயாமல் உழைக்கும். மூவர் குழுவில் நில்சன் மாட்டாவின் பாஸ் நுழைந்ததும் அதற்கு வேலை குறைந்துவிடும். இரண்டு பேர் ஒரே அடிநாதத்தில் முட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா? கட்டைவிரல் ஒதுங்கிய பிறகும் மற்ற மூன்று விரல்களும் அதே இடுக்குகளில்தான் விழுகின்றனவா என்று உன்னிப்பாகக் கேட்டுப் பாருங்கள்.